பாவம் செய்தவர்களும் வேடம் போட்டவர்களும்: அமெரிக்கச் செவ்வியல் புனைகதைக்குள் நுழைய ஒரு வழி

சிறையிலிருந்து கொண்டுவந்த ஒரு இளம்பெண்ணைப் பாஸ்டன் நகரின் சந்தைத் திடலில் மரமேடை மீது ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். காலம் 1640களின் தொடக்கம். அவள் பெயர் ஹெஸ்டர் பிரின். கையில் மூன்று மாதக் குழந்தை. மார்பில், சிவப்புத் துணியில் பொன்னூலால் அவளே பூவேலை செய்து தைத்துக்கொண்ட 'ஏ' என்ற எழுத்து; மணவாழ்க்கைக்கு வெளியே வைத்த உறவைக் குறிக்கும் 'அடல்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. கணவன் உடன் இல்லாத காலத்தில் பிறந்த குழந்தை அது. தகப்பன் யார் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவளுடைய சபைப் போதகரையே பேசச் சொல்கிறார்கள். ஆர்தர் டிம்ஸ்டேல் இளைஞர், நிறையப் படித்தவர், ஊரே புனிதராக மதிப்பவர். அவர் மாடத்திலிருந்து குனிந்து, நடுங்கும் குரலில் அவளிடம் சொல்கிறார்: அந்த மனிதன்மேல் இரக்கப்பட்டு மௌனமாக இருந்துவிடாதே. உன் மௌனம் அவனுக்கு என்ன செய்யும்? பாவத்தோடு பாசாங்கையும் சேர்த்துக்கொள்ளத்தான் அவனைத் தூண்டும்.

குழந்தையின் தகப்பன் அவர்தான்.

நதானியேல் ஹாத்தார்ன் 1850இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களில் வரும் காட்சி இது. தகப்பன் யார் என்பதை நாவல் உடனே சொல்லிவிடுவதில்லை. உண்மை தெரிந்த பிறகு திரும்பி வந்து படித்தால், அவர் பேச்சின் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை ஒலிக்கும். ஊருக்குக் கேட்பது ஒரு போதகரின் அறிவுரை. ஹெஸ்டருக்குக் கேட்பதோ, "எனக்குத் துணிவில்லை, நீயே சொல்லிவிடு" என்ற கெஞ்சல். தான் செய்ய வேண்டிய தேர்வை அவர் அவள் தலையில் சுமத்துகிறார்.

பாவம், சுயவிருப்பம், பாசாங்கு மூன்றும் இந்த ஒரே காட்சியில் கட்டுண்டு கிடக்கின்றன. அமெரிக்காவின் பழைய பெரிய நாவல்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் பலர், "ஏன் இவர்கள் எப்போதும் பாவத்தைப் பற்றியே பேசுகிறார்கள்?" என்று அலுத்துப்போய் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாற்றுப் பதில் உண்டு. அது தெரிந்துவிட்டால் ஹாத்தார்ன், மெல்வில், மார்க் ட்வைன் மூவருமே எளிதாகத் திறந்துகொள்வார்கள்.

முதலில் ஒரு நம்பிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டும்

பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதிகள், இங்கிலாந்துத் திருச்சபை போதுமான அளவு சீர்திருத்தப்படவில்லை என்று கருதிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் ஒரு பெரிய கூட்டம் மாசசூசெட்ஸ் கரையில் வந்து இறங்கி பாஸ்டனை உருவாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்து எனப்படும் அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுடைய இறையியல் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினிடமிருந்து வந்தது. அதன் சாரம் இதுதான். முதல் மனிதன் ஆதாம் கடவுளின் கட்டளையை மீறிப் பாவத்தில் விழுந்ததால் மனித இயல்பே கெட்டுவிட்டது. ஒவ்வொரு குழந்தையும் அந்த ஜென்மப் பாவத்தோடுதான் பிறக்கிறது. மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகி இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது. அது முழுக்க முழுக்கக் கடவுளின் கிருபை. யாருக்கு அந்தக் கிருபை கிடைக்கும் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே அவர் தீர்மானித்துவிட்டார். இதைத்தான் முன்குறித்தல் என்கிறார்கள். மனிதன் கிருபையை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்று வாதிட்ட, டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் சீடர்களை, 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் மாமன்றம் நிராகரித்தது. பியூரிட்டன்கள் நின்றது அந்த மாமன்றத்தின் பக்கம்.

இதை ஊழ், வினைப்பயன் ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வினைப்பயனில் நீ செய்ததுதான் உன்னிடம் திரும்பி வருகிறது, கணக்கு உன்னுடையது. கால்வினின் முன்குறித்தலில் உன் கணக்குக்கு இடமே இல்லை. தெரிந்துகொள்ளப்பட்டவன், அதாவது இரட்சிப்புக்காகக் கடவுள் தேர்ந்தெடுத்தவன், நல்லது செய்ததால் தெரிந்துகொள்ளப்படவில்லை. விடப்பட்டவன் மற்றவனைவிட அதிகக் கெடுதல் செய்ததால் விடப்படவில்லை. காரணம் கடவுளின் சித்தம் மட்டுமே.

சரி, எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் தவறு செய்தவனை எப்படிக் குற்றம் சொல்வது? இந்தக் கேள்விக்குத் தத்துவ அளவில் மிகக் கூர்மையான பதிலைச் சொன்னவர் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போதகர். விருப்பத்தின் சுதந்திரம் பற்றிய அவருடைய நூல் 1754இல் வந்தது. மனிதன் தான் விரும்பியதைச் செய்ய முடிந்தால் அவன் சுதந்திரமானவன்தான் என்கிறார் அவர். ஆனால் எதை விரும்புவது என்பது அவன் கையில் இல்லை. அந்தக் கணத்தில் எது மனதுக்கு மிக நல்லதாகப் படுகிறதோ அதன் பக்கமே விருப்பம் சாயும். குடிக்கு அடிமையானவன் எதிரே மது இருக்கிறது. யாரும் அவன் வாயில் ஊற்றவில்லை, அவனே எடுத்துக் குடிக்கிறான். ஆகவே அது அவன் செயல், பொறுப்பும் அவனுடையது. ஆனால் அந்த நேரத்தில் அதை வேண்டாம் என்று விரும்புவது அவனால் முடிகிற காரியமா? எட்வர்ட்ஸ் முடியாது என்பார், இருந்தாலும் பொறுப்பிலிருந்து அவனை விடுவிக்க மாட்டார்.

இந்த இறுக்கமான முடிச்சிலிருந்துதான் அமெரிக்க நாவல் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். இறையியல் முடிச்சை அவிழ்க்க முயன்றது. நாவலாசிரியர்கள் அதற்குள் ஒரு மனிதனை நிற்கவைத்து, அவன் எப்படி மூச்சுவிடுகிறான் என்று பார்த்தார்கள்.

பாசாங்கு எங்கிருந்து வந்தது

போதகர்கள் கெட்டவர்களாக இருந்ததால் பாசாங்கு வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையில்லை. பியூரிட்டன்களில் பெரும்பாலோர் உயிரைக் கொடுத்து நம்பியவர்கள். சிக்கல் அவர்கள் கட்டிய ஏற்பாட்டில் இருந்தது.

ஒருவர் தெரிந்துகொள்ளப்பட்டவரா இல்லையா என்பது கடவுளுக்கு மட்டுமே தெரியும். ஆனால் சபையை உருவாக்க வேண்டும், அதில் உண்மையான விசுவாசிகள் மட்டுமே இருக்க வேண்டும். அதனால் மாசசூசெட்ஸ் சபைகளில் 1630களிலேயே ஒரு வழக்கம் ஏற்பட்டது. முழு உறுப்பினராகச் சேர விரும்புபவர், கிருபை தன் உள்ளத்தில் எப்படிச் செயல்பட்டது என்று சொல்லி, கேட்பவர்களை நம்பவைக்க வேண்டும். நற்செயல் இரட்சிப்பைத் தராது, ஆனால் இரட்சிப்பின் அடையாளமாக இருக்கலாம். அப்புறம் என்ன நடக்கும்? எல்லோரும் அடையாளங்களைத் தேடுவார்கள். முதலில் தன்னிடம், பிறகு அடுத்த வீட்டுக்காரரிடம்.

இதோடு அரசியலும் சேர்ந்தது. 1631இல் அந்தக் குடியேற்றத்தின் ஆட்சி மன்றம், சபை உறுப்பினராக இருக்கும் ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று தீர்மானித்தது. உள்ளத்தின் மிக அந்தரங்கமான அனுபவம் இப்படி ஊரில் ஒருவருடைய நிலையைத் தீர்மானிக்கும் சான்றிதழாகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் உள்ளுக்குள் சந்தேகத்தோடு தவிப்பவன் அதை வெளியே சொல்வானா? நேர்மையானவன்கூட மெல்ல மெல்ல நடிக்கத் தொடங்கிவிடுவான்.

சட்டமும் கடுமையாக இருந்தது. மணவாழ்க்கைக்கு வெளியே உறவு வைத்த குற்றத்துக்காக 1644இல் மேரி லேதம், ஜேம்ஸ் பிரிட்டன் என்ற இருவரை மாசசூசெட்ஸில் தூக்கிலிட்டார்கள். பிற்காலத்தில் மரண தண்டனைக்குப் பதிலாக எழுத்து அணியும் தண்டனையும் சட்டத்தில் இடம்பெற்றது. பிளிமத் குடியேற்றத்தில் 1658இலும் மாசசூசெட்ஸில் 1694இலும் இப்படிச் சட்டங்கள் இருந்தன. எழுத்தை ஹாத்தார்ன் வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை.

டிம்ஸ்டேலின் ஏழு ஆண்டுகள்

இந்த மூன்று கருத்துகளையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் டிம்ஸ்டேலை விடச் சிறந்தவர் இல்லை. அவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஹெஸ்டரின் பாவம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அவள் அந்த எழுத்தோடு ஊரோரக் குடிசையில் வாழ்கிறாள், ஊசிவேலை செய்து பிழைக்கிறாள். ஆளுநரின் உடைக்கும் சவத் துணிக்கும் அவள் பூவேலை வேண்டும். மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். ஊரின் பாசாங்கை ஹாத்தார்ன் இந்த ஒரு விவரத்தில் காட்டிவிடுகிறார். ஆண்டுகள் போகப்போக ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் துணையாக நிற்கும் அவளை ஊர் மதிக்கத் தொடங்குகிறது. மறைக்க எதுவும் இல்லாததால் அவளால் சிந்திக்கவும் முடிகிறது.

டிம்ஸ்டேலின் பாவம் உள்ளேயே இருக்கிறது. அவர் உண்ணாமல் நோன்பிருக்கிறார், இரவில் விழித்திருக்கிறார், பூட்டிய அறைக்குள் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்கிறார். பிரசங்க மேடையில் ஏறி, தான் மிகக் கேவலமான பாவி என்று பலமுறை சொல்லவும் செய்கிறார். சபை என்ன செய்கிறது? கண்ணீர் விட்டு அவரை இன்னும் அதிகமாக வணங்குகிறது. இத்தனை புனிதரே தன்னைப் பாவி என்கிறாரே, நம் கதி என்ன என்று உருகுகிறது. அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். உண்மையான வார்த்தையையே பொய்யாக மாற்றுவதற்கு இதைவிட நுட்பமான வழி இருக்க முடியாது. என்ன செய்தேன், யாரோடு செய்தேன் என்ற இரண்டு விவரங்களையும் விட்டுவிட்டால், பாவ அறிக்கையும் புகழ் தேடித் தரும்.

ஒரு நள்ளிரவில் யாருமில்லாதபோது அவர் அந்தத் தண்டனை மேடையில் போய் நிற்கிறார். தற்செயலாக அந்த வழியே வந்த ஹெஸ்டரையும் மகள் பேர்லையும் மேலே அழைத்துக் கைகோத்துக்கொள்கிறார். குழந்தை கேட்கிறாள்: நாளை நண்பகலில் அம்மாவோடும் என்னோடும் இங்கே நிற்பீர்களா? நாளை இல்லை, இறுதித் தீர்ப்பு நாளில் நிற்பேன் என்கிறார் அவர். நீங்கள் துணிந்தவர் இல்லை, உண்மையானவரும் இல்லை என்று பேர்ல் பிறகு முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இறையியல் தெரியாது. நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மறுநாள் மேடையில் கிடந்த அவருடைய கையுறையைக் கோயில் பணியாள் கொண்டுவந்து கொடுத்து, சாத்தான்தான் இதைத் திருடி அங்கே போட்டிருப்பான் என்கிறார். நம்ப மறுப்பதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. பாசாங்கு ஒருவர் மட்டும் செய்யும் காரியமில்லை என்பதை ஹாத்தார்ன் எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்!

இப்போது சுயவிருப்பத்துக்கு வருவோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்தது உணர்ச்சி வேகத்தில் நடந்த பாவம், திட்டமிட்டது அல்ல என்று நாவல் சொல்கிறது. பிறகு காட்டில் இருவரும் சந்தித்துக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட முடிவு செய்கிறார்கள். இம்முறை டிம்ஸ்டேல் எல்லாம் தெரிந்து, யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார். ஹாத்தார்னின் பார்வையில் முதல் பாவத்தை விட இது ஆபத்தானது. ஊருக்குத் திரும்பும் வழியில் எதிர்ப்படும் எல்லோரிடமும் தீய சொற்களைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் மனம் துடிக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு சின்ன விவரம் இருக்கிறது. புதிய ஆளுநர் பதவியேற்கும் நாளில் அவர் பெரிய பிரசங்கம் செய்ய வேண்டும். கப்பல் அதற்கு மறுநாள்தான் புறப்படுகிறது என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு நிம்மதி. கடமையை அரைகுறையாக விட்டுப் போனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? ஓடிப்போகும்போதுகூட நல்ல பெயர் வேண்டும். தனக்கு ஒரு முகம், ஊருக்கு ஒரு முகம் என்று நெடுநாள் வைத்திருப்பவனுக்கு, கடைசியில் எது உண்மை முகம் என்பதே குழம்பிப்போகும் என்று ஹாத்தார்ன் எழுதுவது இந்த இடத்தில்தான்.

பிரசங்கம் முடிந்ததும், உச்சப் புகழில் இருக்கும்போது, டிம்ஸ்டேல் பட்டப்பகலில் மேடை ஏறி எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி அங்கேயே இறந்துவிடுகிறார். அப்போதும் சிலர், அவர் மார்பில் எந்த அடையாளத்தையும் பார்க்கவில்லை, அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று சாதிக்கிறார்கள்.

விதியைப் பற்றிப் பேசுபவர் யார்?

இந்த நாவல்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். "எல்லாம் விதி, நான் என்ன செய்ய முடியும்" என்ற பேச்சை ஆசிரியர் யார் வாயில் வைக்கிறார்?

'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் அதை மிக அழுத்தமாகச் சொல்பவர் ரோஜர் சில்லிங்வொர்த், ஹெஸ்டரின் கணவர். அவர் வேறு பெயரில் மருத்துவராக ஊருக்குள் வந்து, டிம்ஸ்டேலுடனேயே தங்கி, அவர் மனதைத் துளித்துளியாக வதைக்கிறார். மன்னித்துவிடுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது என்று ஹெஸ்டர் கெஞ்சும்போது, மறந்துபோன பழைய மதம் தனக்கு நினைவு வருகிறது என்கிறார்: முதல் அடி தவறியபோது நீ விதையை நட்டாய், அதன்பின் நடந்ததெல்லாம் ஓர் இருண்ட கட்டாயம். உயிருள்ள நாவலில் கால்வினின் கோட்பாடு இப்படித்தான் வருகிறது. பழிவாங்குவதை நிறுத்த விரும்பாதவர் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

ஹெர்மன் மெல்வில் 1850 ஆகஸ்டில் ஹாத்தார்னைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஜென்மப் பாவம் பற்றிய கால்வினிய உணர்விலிருந்தே அவருடைய எழுத்தின் கருமை வலிமை பெறுகிறது என்றார். மறு ஆண்டு வந்த தன் 'மோபி டிக்' நாவலை ஹாத்தார்னுக்கே சமர்ப்பித்தார். அதில் வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கேப்டன் ஏஹாப், கடைசி வேட்டைக்கு முன்னால், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று துணை மாலுமி ஸ்டார்பக் மன்றாடும்போது ஒரு கணம் இளகுகிறார். இந்தக் கையைத் தூக்குவது நானா, கடவுளா, வேறு யாரா என்று கேட்கிறார். அடுத்து வேட்டை தொடங்கிவிட்ட பிறகு கேள்வி மறைந்துவிடுகிறது. இதெல்லாம் மாற்ற முடியாதபடி முன்பே விதிக்கப்பட்டது, இந்தக் கடல் உருளத் தொடங்குவதற்கு முன்பே நாம் ஒத்திகை பார்த்தது என்கிறார். சில்லிங்வொர்த்தின் அதே பேச்சு. இருவருக்குமே திரும்பிப் போகும் வழி காட்டப்பட்டது என்பதையும், அதைக் காட்டியவர் எதிரே நின்றார் என்பதையும் வாசகர் மறக்கக் கூடாது.

அதே நாவலில் பாய் பின்னும் அத்தியாயம் ஒன்று உண்டு. நிலையாகக் கட்டிய பாவு நூல்கள் கட்டாயம். கதைசொல்லி இஷ்மாயில் தன் கையால் ஓட்டும் ஊடை நூல் சுயவிருப்பம். நண்பன் குவீக்வெக் அலட்சியமாகத் தட்டும் மரவாள் தற்செயல். மூன்றும் சேர்ந்துதான் பாய் உருவாகிறது. முழு நாவலையும் படிக்க நேரமில்லாதவர்கள் 47ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது தேடிப் படிக்கலாம்.

சேலம் ஊரின் நிழல்

ஹாத்தார்ன் பியூரிட்டன் அல்ல. அவர் 1804இல் பிறந்தவர். சிந்தனையாளர் எமர்சன் போன்றவர்கள் மனிதனின் உள்ளார்ந்த நன்மையைப் பற்றிப் பேசிய காலத்தில் எழுதியவர். ஆனால் அவர் பிறந்த ஊர் மாசசூசெட்ஸிலுள்ள சேலம். 1692இல் அங்கே சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாதாட மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியின்மேல் கற்களை அடுக்கிக் கொன்றார்கள். அந்த வழக்குகளில் சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைத்தார்கள். செய்யவில்லை என்று உண்மையில் உறுதியாக நின்றவர்கள்தான் தூக்குமேடை ஏறினார்கள். பொய்யான பாவ அறிக்கை உயிரைக் காப்பாற்றும், நேர்மை கொல்லும் என்ற நிலையில் ஒரு பக்தியுள்ள சமூகம் வந்து நின்றது.

அங்கே விசாரணை நடத்தியவர்களில் ஒருவர் ஜான் ஹாத்தார்ன், எழுத்தாளரின் முன்னோர். அவருடைய சக நீதிபதி சாமுவேல் சூவால் 1697இல் தேவாலயத்தில் சபை முன் எழுந்து நின்று, தன் பழியை ஏற்கும் அறிக்கையை உரக்க வாசிக்கச் சொன்னார். ஜான் ஹாத்தார்ன் அப்படி எதுவும் செய்யவில்லை. எழுத்தாளர் ஹாத்தார்ன் தன் நாவலின் முன்னுரையில், முன்னோர்கள் சார்பில் அந்த அவமானத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாக எழுதினார்.

1835இல் வந்த 'யங் குட்மேன் பிரவுன்' என்ற அவருடைய சிறுகதை இந்த ஊரில்தான் நடக்கிறது. பிரவுன் ஓர் இரவு மனைவி தடுத்தும் கேளாமல் காட்டுக்குப் போகிறான். மனைவியின் பெயர் ஃபெய்த், அதாவது விசுவாசம். காட்டில் ஒரு மர்ம மனிதனோடு நடக்கிறான். திரும்பிவிடுவேன், திரும்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே கால்கள் முன்னே போகின்றன. சுயவிருப்பத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான சித்திரம் எனக்குத் தெரியாது: யாரும் அவனை இழுக்கவில்லை, அவனும் போக முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது, ஆனாலும் போய்க்கொண்டே இருக்கிறான். காட்டின் நடுவில் சாத்தானின் கூட்டம். அங்கே தனக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த கிழவி, சபை மூப்பர், போதகர் எல்லோரும் இருக்கிறார்கள். மனைவியும் இருக்கிறாள். கண் விழித்தால் தனியாகக் காட்டில் கிடக்கிறான். நடந்தது கனவா என்று ஹாத்தார்ன் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுகிறார். பிரவுன் அதன்பின் யாரையும் நம்பாமல், யாரையும் நேசிக்க முடியாமல் வாழ்ந்து, இருண்ட மனதோடு சாகிறான்.

பலர் இந்தக் கதையை "எல்லோரும் உள்ளுக்குள் பாவிகள்" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது சாத்தான் கதைக்குள் நடத்தும் பிரசங்கம், ஆசிரியரின் முடிவு அல்ல. எல்லோர் முகத்திலும் வேடத்தைத் தேடியவன், தானும் அதே காட்டுக்குத் தன் காலால் நடந்து போனவன் என்பதை மறந்துவிட்டான். பாசாங்கைக் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் பெருமையும் ஒரு வியாதிதான் என்று ஹாத்தார்ன் இங்கே காட்டுகிறார். பாசாங்குக்காரர்களைத் திட்டும் கதைகள் ஏராளம். திட்டுபவனின் உள்ளத்தையும் திறந்து பார்க்கும் கதைகள் குறைவு.

மார்க் ட்வைன் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்

அமெரிக்காவில் 1885இல் வெளியான 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் பாவம் என்ற சொல்லே தவறானவர்கள் கையில் இருக்கிறது. கதைசொல்லும் சிறுவன் ஹக்குக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கும் மிஸ் வாட்சன்தான் ஜிம் என்ற அடிமையின் சொந்தக்காரி. அவள் ஜிம்மைத் தெற்கே 800 டாலருக்கு விற்க நினைப்பதால்தான் அவன் தப்பி ஓடுகிறான். பரம்பரைப் பகை கொண்ட இரண்டு குடும்பங்கள் துப்பாக்கியோடு கோயிலுக்குப் போய், சகோதர அன்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு, வீடு திரும்பும் வழியில் விசுவாசம், நற்செயல், கிருபை, முன்குறித்தல் பற்றியெல்லாம் பாராட்டிப் பேசுகிறார்கள். மறுநாளே கொலை வெடிக்கிறது. ஜிம்மைக் கொட்டகையில் சங்கிலியிட்டு வைத்திருக்கும் சைலஸ் பெல்ப்ஸ் ஒரு நல்ல மனிதர், பிரசங்கியும்கூட. இடையிடையே வந்து கைதியோடு சேர்ந்து ஜெபமும் செய்கிறார். அவர் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம்.

ஹக்குக்கு அடிமை முறை தவறு என்று யாரும் சொல்லித்தரவில்லை. அடிமை தப்ப உதவுவது திருட்டு, திருடினால் நரகம் என்றே அவன் நம்புகிறான். 31ஆம் அத்தியாயத்தில் ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதிவிடுகிறான். உடனே பாவம் கழுவப்பட்டது போல மனம் லேசாகிறது. பிறகு, தப்பியோடிய ஜிம்மோடு ஆற்றில் தெப்பத்தில் கழிந்த இரவும் பகலும் நினைவுக்கு வருகின்றன. கடிதத்தைக் கையில் பிடித்து நடுங்குகிறான். சரி, நான் நரகத்துக்கே போகிறேன் என்று சொல்லிக் கிழித்துப்போடுகிறான்.

எட்வர்ட்ஸின் சட்டகத்துக்குள் இந்தச் செயலை வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஹக்கின் விருப்பம் பாசத்தின் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான் என்று அவர் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் தண்டனை நிச்சயம் என்று முழுதாக நம்பிக்கொண்டே, யாரும் பாராட்டாத இடத்தில், ஒரு சிறுவன் அதைத் தேர்ந்தெடுக்கிறான். டிம்ஸ்டேல் ஊரின் மதிப்பை இழக்கப் பயந்து ஏழு ஆண்டு தள்ளிப்போட்டதை ஹக் ஒரு கணத்தில் செய்கிறான். தான் நல்லது செய்தோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

ஹாத்தார்னைப் பற்றி ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அவருடைய நாவல் வந்த அதே 1850இல்தான் தப்பிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. இரண்டு ஆண்டுக்குப் பின் தன் கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸ் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது ஹாத்தார்ன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அடிமை முறை மனித முயற்சியால் தீராது, தெய்வ சித்தம் தனக்கு உகந்த காலத்தில் அதைக் கனவு போல மறையச் செய்யும் என்று அதில் வாதிட்டார். மனிதத் தேர்வின் எடையை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டியவர், தன் காலத்தின் மிகப் பெரிய தேர்வு எதிரே வந்தபோது சில்லிங்வொர்த்தின் மொழியைப் பேசினார். இது அவருடைய நாவலைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அதை எழுதியவர் அதற்கு வெளியே நிற்கும் நீதிபதி அல்ல என்பதை நினைவில் வைத்துப் படிப்பது நல்லது.

அவர் எழுதிய மிகச் சுதந்திரமான செயல் ஹெஸ்டருடையது. டிம்ஸ்டேல் இறந்தபின் அவள் மகளோடு ஐரோப்பா போய்விடுகிறாள். பல ஆண்டுகள் கழித்துத் தனியாகப் பாஸ்டனுக்குத் திரும்பி, அதே குடிசையில் நுழைந்து, அந்த எழுத்தை மறுபடி அணிந்துகொள்கிறாள். எந்த நீதிபதியும் இப்போது அதைக் கட்டளையிட்டிருக்க மாட்டார், தன் சொந்த விருப்பத்தாலேயே அணிந்தாள் என்று ஆசிரியர் அழுத்திச் சொல்கிறார். இது மனந்திரும்புதலா, அல்லது தன் வாழ்க்கை நடந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மறுக்கும் பிடிவாதமா? வாசகர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. துயரப்பட்ட பெண்கள் அதன்பின் போதகரைத் தேடாமல் அவளைத் தேடி வந்தார்கள் என்ற வரிதான் அதற்குக் காரணம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'யங் குட்மேன் பிரவுன்' சிறுகதையில் தொடங்குங்கள். ஒரே அமர்வில் முடியும். அடுத்து 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. சுங்க அலுவலகத்தைப் பற்றிய அதன் நீண்ட முன்னுரையை முதலில் தாண்டிவிட்டு, கதை முடிந்தபின் திரும்பி வந்து படித்தால் சுவை கூடும். மேடைக் காட்சி 2-3, 12, 23ஆம் அத்தியாயங்களில் மூன்று முறை வருகிறது. அங்கெல்லாம் நேரம் பகலா இரவா, யார் மேலே நிற்கிறார்கள், யார் கீழே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஹக்கிள்பெரி ஃபின்' அதன்பின். 'மோபி டிக்' நாவலுக்குப் பொறுமை வேண்டும், கடைசியாக வைத்துக்கொள்ளலாம். எல்லாமே காப்புரிமை முடிந்த நூல்கள் என்பதால் ஆங்கில மூலங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.